கணக்கு வராதவனுக்கு வெல்டிங்காம்!

போன மாதம் சித்தப்பா மகன் வீட்டில் காதுகுத்து. அவனுடைய மூத்த பையன் பந்தியில் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் 36 மதிப்பெண். அவன் தாய்மாமன் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னார்: "இவனுக்குச் சுட்டுப் போட்டாலும் கணக்கு வராது மச்சான். பேசாம உங்க லைன்ல இழுத்து விட்டுருங்க. வெல்டிங்குக்கு என்ன கணக்கா வேணும்?" பையன் காதில் அது விழுந்துவிட்டது. வாளி ஒரு நொடி நின்றது, பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தது. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வெந்தவன் நான். ஹெல்பராக நுழைந்து, மார்க்கிங் கற்று, இன்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். இத்தனை வருஷமும் இதே வாக்கியத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிப்பு ஏறாதவன், கணக்கில் தேறாதவன், வீட்டுக்கு அடங்காதவன் எல்லோருக்கும் ஊரே சேர்ந்து கைகாட்டுகிற இடம் எங்கள் பட்டறை. கணக்கு வாத்தியார் ஒருவரே இப்படிச் சொன்னார் என்றால் அவர் இத்தனை வருஷம் எந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்?

அவருக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் காட்ட விரும்புகிறேன். 31.

நான் ஹெல்பராக இருந்த இரண்டாம் வருஷம். ஒரு டேங்க் ஜாப் வந்தது. 10 மி.மீ. பிளேட், டிராயிங்கில் உள்விட்டம் 1000, உயரம் ஒன்றரை மீட்டர். மேஸ்திரி 1000ஐ 3.1416ஆல் பெருக்கி 3142 என்று சாக்பீஸால் தரையில் எழுதினார். அந்த நீளத்துக்குக் கேஸ் கட்டிங் போட்டோம். உள்வளைவுக்கு டெம்ப்ளேட் வைத்துப் பார்த்துப் பார்த்து ரோலிங் முடித்தோம். வளைவு அச்சாக உட்கார்ந்தது, ஆனால் வாய் மூடவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 31 மி.மீ. இடைவெளி. அதில் என் விரல்களைச் சொருகலாம்.

செயின் பிளாக் மாட்டி இழுத்து மூடினோம். மூடிக்கொண்டது. அடுத்த நாள் மூடியாக வரும் டிஷ் எண்டைத் தூக்கி வைத்தால் சுற்றிலும் 5 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றது, ஏனென்றால் டேங்கின் விட்டம் 10 மி.மீ. சுருங்கிப் போயிருந்தது. மறுபடி பிரித்து, இடைவெளியில் ஒரு பட்டையை வைத்துப் பற்றவைத்தார்கள். ஒரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தையல். இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், பெயிண்டால் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் போனார். 370 கிலோ இரும்பு ஸ்கிராப்புக்குப் போனது. அந்த வாரம் எங்கள் யாருக்கும் கூலி முழுசாக வரவில்லை.

பிளேட்டை வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுவில் மட்டும் நீளம் மாறாது. ஆகையால் உள்விட்டத்தோடு ஒரு தடிமனைக் கூட்டி, 1010ஐத்தான் பெருக்க வேண்டும். 3173 வரும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்தப் பட்டறையில் இதைச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஏனென்றால் அத்தனை பேரும் "கணக்கு வராது" என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர்கள்.

அந்த டேங்கில் வெல்டிங் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. ராடு ஓட்டிய அண்ணன் கை தங்கக் கை. தையல் மீன் செதில் மாதிரி வரிசையாக விழுந்திருந்தது. அந்தத் தங்கக் கை 31 மி.மீட்டரை என்ன செய்ய முடிந்தது?

பெரிய பெரிய டேங்கை விடுங்கள். உங்கள் வீட்டு கேட்டுக்கு வாருங்கள். சட்டத்துக்குள் 1200 மி.மீ. அகலம், 12 மி.மீ. கம்பி 10 நிறுத்த வேண்டும். கம்பிகள் 120 போக மீதி 1080. புதுப் பையன் அதைப் பத்தால் வகுத்து 108 என்று வைத்துக்கொண்டு வரிசையாக டேக் வெல்டிங் போட்டுக்கொண்டே போவான். பத்தாவது கம்பி இடைவெளியே இல்லாமல் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்துக் கம்பிக்குப் பதினொரு இடைவெளி என்பது அவனுக்கு யாரும் சொல்லாத சங்கதி. 1080ஐ 11ஆல் வகுத்தால் 98 மி.மீ. சொச்சம். பையன் ஒன்பது கம்பியையும் தட்டி எடுத்துக் கிரைண்டிங் போடுவான், ஒரு பகல் வீணாகும், முதலாளி திட்டுவார். வேடிக்கை பார்க்கிறவர் "இவனுங்களுக்கு மூளையே இல்ல" என்பார். அதே ஆள்தான் தன் பையனுக்குக் கணக்கு வரவில்லை என்றதும் எங்களிடம் அனுப்புகிறவர்.

இன்னொரு கூட்டம் உண்டு. "அந்தக் காலத்து ஆசாரிங்க என்ன கணக்கு படிச்சாங்க? எல்லாம் கைப்பழக்கம்தான்" என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டாவின் உள்சுற்றளவு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எருமூட்டத்தில் பழுக்கக் காய்ச்சினால் விரியும், சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் இறுகிப் பிடிக்கும். எவ்வளவு குறைக்க வேண்டும்? அதிகம் குறைத்தால் ஆரக்கால் நெளியும், குறைக்காமல் விட்டால் நாலு நாளில் பட்டா கழன்று ஓடும். அந்தக் கொல்லர் கயிற்றால் அளந்ததும் மனசுக்குள் கழித்ததும் கணக்கில்லாமல் வேறென்ன? தாளில் எழுதவில்லை என்பதற்காக அவருடைய கணக்கைக் கைப்பழக்கம் என்று சொல்வது அவருடைய அறிவைத் திருடுவது. கால், அரைக்கால், வீசம் என்று எட்டாகவும் பதினாறாகவும் பிரித்துப் பிரித்துப் புழங்கிய மொழி இது. இன்றைக்கு இஞ்ச் டேப்பில் அரைக்காலைக் காட்டி "இது எத்தனை நூல்?" என்று கேட்டால், ஒரு நூல் என்று சொல்லத் தெரியாத பி.இ. மெக்கானிக்கல் பையன்கள் என்னிடமே வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் கணக்கு வராதவர்கள் என்று சொல்வதில்லை. பெண் வீட்டார் அவர்களுக்குத்தான் பெண் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை வெல்டர் என்றால் ஜாதகத்தைக்கூட வாங்குவதில்லை.

இத்தனைக்கும் 1965இல் இங்கே திருச்சியில் பெல் (BHEL) ஆலை வந்தது. அதை நம்பி நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. 1975இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இதே திருச்சியில் தொடங்கப்பட்டது. ராடைப் பற்றவைத்து இழுப்பதுதான் தொழில் என்றால் அங்கே எதை ஆராய்கிறார்கள்? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, கை நகரும் வேகத்தால் வகுத்தால்தான் இரும்புக்குள் எவ்வளவு சூடு இறங்குகிறது என்று தெரியும். சூடு மிஞ்சினால் பிளேட் கோணும், தையலை ஒட்டிய இரும்பின் குணமே கெடும்.

"தையல் பெரிசா போடுப்பா, பலமா இருக்கும்" என்று சைட்டில் நின்று சொல்கிற மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மூலைத் தையல் 6 மி.மீ. போதும் என்கிற இடத்தில் 8 போட்டால் பலம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். உருகி இறங்குகிற இரும்பின் குறுக்குப் பரப்போ 18 சதுர மி.மீட்டருக்கு 32, முக்கால் பங்குக்கு மேல் அதிகம். ராடு செலவு, கரண்டு செலவு, கோணல் எல்லாம் அந்த முக்கால் பங்கில் வந்து உட்காரும். தாளில் ஒரு முக்கோணம் வரைந்து பார்த்தால் விளங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கூடுதலைக் கணக்கில் சேர்க்காததால்தான் ஒரு பெரிய ஆர்டரில் கொட்டேஷன் தவறி, என் கூட்டாளி ஒருவர் பட்டறையையே விற்றார்.

எனக்குக் கோபம் மூட்டுவது மார்க் கிடையாது. கணக்கு வரவில்லை என்று அனுப்பப்பட்டவனுக்கு, வந்த இடத்திலும் யாரும் கணக்கு சொல்லித் தருவதில்லை. அவன் ராடு பிடிப்பான், கிரைண்டர் பிடிப்பான், நாற்பது வயதுவரை அடுத்தவன் போட்ட கோட்டின் மேல் பற்றவைப்பான். கோடு போடுகிறவன் கூலி வேறு, கோட்டின் மேல் பற்றவைக்கிறவன் கூலி வேறு. ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வளைகுடாவுக்குப் போனாலும் டிராயிங் படிக்கத் தெரிந்தவன் பேப்ரிகேட்டர், தெரியாதவன் ஹெல்பர்தான். நான் ஐடிஐயில் படித்தபோது ஒர்க்ஷாப் கால்குலேஷன் என்று ஒரு பாடம் இருந்தது. எங்கள் வகுப்பில் அதைக் கரும்பலகையோடு முடித்தார்கள். ஒரு பிளேட்டையாவது மேசையில் வைத்து, "இது எத்தனை கிலோ, சொல்லு" என்று யாராவது கேட்டிருந்தால் போதும். ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. தடிமன், 7.85 கிலோ. இந்த ஓர் எண் தெரியாததால்தான் கேட்டைக் கிலோ விலைக்கு வாங்குகிற ஜனங்களும் தராசை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் என்ன? tan 30 டிகிரி என்று வருஷக்கணக்கில் எழுத வைக்கிறார்கள். அந்த 30 டிகிரியில்தான் நாங்கள் தினமும் பிளேட்டின் ஓரத்தைச் சீவுகிறோம் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியதுண்டா?

காதுகுத்து முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். பயந்துகொண்டே வந்தான். வெட்டிப்போட்ட பைப் துண்டு ஒன்று, கொஞ்சம் சணல் கயிறு, டேப், சாக்பீஸ் கொடுத்தேன். கயிற்றைப் பைப்புக்குள் ஒட்ட வைத்து ஓர் அளவு, வெளியே சுற்றி ஓர் அளவு எடுத்தான். இரண்டும் ஏன் ஒன்றாக இல்லை என்று அவனே கேட்டான். நான் அந்தப் பழைய டேங்க் கதையைச் சொன்னேன். 31 வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "பெரியப்பா, டேங்க் பத்து மீட்டரா இருந்தா இடைவெளி எவ்வளவு வரும்?" என்றான்.

"நீயே போட்டுப் பாரு."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் பெருக்கினான். 10,000க்கு 31,416. 10,010க்கு 31,447. கழித்தான். மறுபடியும் 31. எங்கோ தப்பு என்று நினைத்து அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டான். அதே 31. டேங்க் பத்து மடங்கு பெருசு, இடைவெளி மட்டும் நகரவே இல்லை. நான் விளக்க வாயெடுத்தேன். "இருங்க பெரியப்பா, சொல்லாதீங்க" என்று கையைக் காட்டி நிறுத்தினான். நூறு மீட்டருக்குப் பெருக்க ஆரம்பித்தான். பாதியில் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. தலையைத் தூக்காமலே இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.