அன்று இசை: செப்டம்பர் 26 - தாமரைப்பாக்கத்தில் உறங்கும் குரல்

2020, செப்டம்பர் 26, சனிக்கிழமை. ஆவடிக்கு வடக்கே இருக்கும் தாமரைப்பாக்கம் கிராமத்தை அன்று நாடே டி.வி-யில் பார்த்தது. காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுகள் முழங்க, அங்குள்ள தன் பண்ணை வீட்டில் நல்லடக்கம் செய்யப்பட்டார் எஸ்.பி.பாலசுப்ரமணியம். வயது 74. ஆகஸ்ட் 5-ம் தேதி கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர், 50 நாள்களுக்கும் மேலாகப் போராடி முந்தைய நாள் மதியம் காலமானார்.

இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த இளைஞரை 1966-ல் தெலுங்குப் படத்தில் பாடவைத்தவர் இசையமைப்பாளர் எஸ்.பி.கோதண்டபாணி. தமிழில் பெரிய திருப்பம், 1969-ல் வெளியான 'அடிமைப்பெண்.' எம்.ஜி.ஆருக்குப் பாட ஒத்திகை முடிந்த நேரத்தில், டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார் எஸ்.பி.பி. வேறொருவரைப் பாடவைத்திருக்கலாம். ஆனால், 'எனக்குப் பாடப்போவதாக நண்பர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். அந்தப் பையன் ஏமாறக் கூடாது' என்று எண்ணி, அவர் குணமாகும் வரை காத்திருந்தார் எம்.ஜி.ஆர்.

அதன்பின் நான்கு மொழிகளில் ஆறு தேசிய விருதுகள். தமிழுக்கான ஒரே விருது, 'மின்சாரக் கனவு' படப் பாடலுக்கு. மறைவுக்குப் பின், 2021-ல் பத்ம விபூஷண்.

கைகொடுத்தவர்களை அவர் மறக்கவில்லை. தன் ரெக்கார்டிங் தியேட்டருக்குக் கோதண்டபாணியின் பெயரையே வைத்தார். எம்.ஜி.ஆர் காத்திருந்த கதையையோ, மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார்.