சொல் தடைப்படும்போது

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தை நினைக்கும்போதெல்லாம், அங்கே ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரின் தமிழும் நம் நினைவுக்கு வருகிறது. 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த அவர், முப்பது வயதளவில் இந்நாடு வந்து தமிழ் கற்று, 1732-இல் சதுரகராதியை இயற்றினார். தாய்மொழியாயினும் கற்ற மொழியாயினும், எண்ணத்தைச் சொல்லாகக் கோத்து நாவில் சேர்ப்பதில் மூளையின் சிறு மடிப்பொன்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

மூளையின் மேற்பரப்பு உழுத நிலம்போல் மேடும் பள்ளமுமாய் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலின் பக்கவாட்டில் மூன்று மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்துள்ளன. அவற்றுள் அடியில் உள்ளதே நாம் கூறும் மடிப்பு. அதன் முன்பகுதி கண்குழியை ஒட்டியது. நடுப்பகுதி முக்கோண வடிவினது. பின்பகுதி மூடிபோல் அமைந்தது. பெரும்பாலோர்க்கு இடப்புறத்து நடுப்பகுதியும் பின்பகுதியுமே பேச்சுக்கு உரியவை.

1861-இல் பாரிஸ் நகரில் ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பதே அவர் விடை. ஆயினும் பிறர் பேசியது அவருக்குப் பெரும்பாலும் விளங்கியது. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பால் புரோக்கா, இந்த மடிப்பு சிதைந்திருக்கக் கண்டார். அப்பகுதிக்கு அவர் பெயரே நிலைத்தது. பாதுகாக்கப்பட்ட அதே மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, சிதைவு இன்னும் ஆழமாகச் சென்றிருந்ததைக் காட்டியது. ஆகவே பேச்சு இம்மடிப்பின் தனித்தொழில் அன்று. பல பகுதிகளின் கூட்டுத்தொழில்.

இதனால் நம் குடும்பங்களுக்கு என்ன பயன்? வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் திடீரென வாய் குழறி, முகம் கோணி, வலக்கை தளர்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். கைவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று.

பேச்சு இழந்தவரைப் ‘புத்தி பேதலித்தவர்’ என்று எண்ணி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் செவியில் அது விழுகிறது, உள்ளத்தில் தைக்கிறது. ‘ஆம், இல்லை’ என்று தலையசைக்கக்கூடிய சிறு கேள்விகளைக் கேட்போம். விடைக்குப் பொறுமையோடு காத்திருப்போம். பேச இயலாத சிலருக்கு நெடுநாள் பழகிய செபமும் பாடலும் தடையின்றி வருவதுண்டு. மாலைச் செபமாலையில் அவருக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.