காவல் நிலையத்தில் நம் மொழி ஒலிக்கட்டும்

சம்பள நாளின் மாலைப் பொழுதில் தோட்டத்து லயங்களின் பக்கம் சென்று பார்த்தவர்களுக்கு நாம் புதிதாக எதுவும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறி இறங்கிய பெண்ணின் உழைப்பு, இருட்டுவதற்கு முன்பே கசிப்பு விற்பவனின் மடிக்குப் போய்ச் சேர்கிறது. இருட்டிய பின்னர் ஏச்சும் அடிதடியும் அழுகுரலுமே மிஞ்சுகின்றன. அடுத்த காம்பராவில் பாடம் படிக்க உட்கார்ந்த பிள்ளை, புத்தகத்தை மூடிவிட்டுப் போர்வைக்குள் ஒடுங்குகிறது. கசிப்பு போதாதென்று, இப்பொழுது ‘ஐஸ்’ எனும் கொடிய நஞ்சும் நகரங்களிலிருந்து தோட்டங்களுக்கு வழி கண்டுகொண்டது. கந்தப்பளையிலும் நானுஓயாவிலும் கடன்பட்டுக் கரட்டும் லீக்ஸும் பயிரிடும் விவசாயியோ, அறுவடைக்கு முன்னைய இரவில் திருடனுக்கு அஞ்சி விழித்திருக்கிறான்.

பொலிஸ் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று நிலையங்கள் பல உண்டு. ஆனால் அவை பெருவீதியோரத்தில் நிற்கின்றன. மக்களோ மலையுச்சியில் வாழ்கின்றனர். உடைந்த பாதையில் முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுத்து, அன்றைய வேலையையும் இழந்து, அங்கு போய்ச் சேரும் பெண் தன் துயரைத் தமிழிற் சொல்கிறாள். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், யாரோ ஒருவர் இடைநின்று மொழிபெயர்க்கிறார். சிங்களத்தில் எழுதப்பட்டதன் கீழ் அவள் ஒப்பமிடுகிறாள். தான் சொன்னது என்ன, அதில் எழுதப்பட்டது என்ன என்பது அவளுக்குத் தெரியாது. இடைநின்றவர் அடித்தவனுக்கு வேண்டியவராக இருந்துவிட்டால் அவளுடைய கதி என்ன?

சட்டம் இதனை அனுமதிக்கிறதா? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999ஆம் ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் அன்றிருந்த ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளும் இருமொழி நிருவாகப் பிரிவுகள் எனப் பிரகடனஞ் செய்யப்பட்டன. வாய்மொழியாகத் தரப்படும் தகவலை, தரப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. அந்த மொழியில் எழுத முடியாதவிடத்து விலக்கும் உண்டு. மலையகத்தில் அந்த விலக்கே விதியாகிவிடலாமா? மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். அவர்களுடைய மொழியில் எழுத ஆளில்லை என்று நிலையத்திற் சொல்லப்படுமானால், அந்தக் குறை முறையிட வந்தவளுடையதன்று. ஆளை நியமியாத ஆட்சியினுடையது.

நம் மக்கள் காவல் நிலையத்தின் படியேறத் தயங்குவதற்கு மொழி ஒன்று மாத்திரம் காரணமன்று. வரலாறும் ஒரு காரணம். தோட்டம் என்பது நீண்டகாலமாகத் துரையின் தனி இராச்சியமாயிருந்தது. துரையின் அழைப்புக்குப் பொலிஸார் விரைந்து வந்தனர்; தொழிலாளியின் அழைப்புக்கு வந்தாரில்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானவர் கோவிந்தன். 1977ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து மக்கள் திரண்டபோது, டெவனில் அதே துப்பாக்கிக்குப் பலியானவர் சிவனு லெட்சுமணன். தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஆண்டவர்கள் மாறினர். தந்தை மகனுக்குச் சொல்லிவைத்த அச்சம் மாறவில்லை. அந்த அச்சந்தான் இன்று கசிப்புக்காரனுக்குக் காவலாக நிற்கிறது.

அதிரடி நடவடிக்கைகள் இதற்கு மருந்தாகா. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் ‘யுக்திய’ என்னும் பெயரில் நாடெங்கும் வலைவீசி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தனர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்களே அதன் போக்கைக் கண்டித்தனர். போதைக்கு அடிமையானவனைச் சிறையில் அடைத்து, அவனை அடிமையாக்கியவனை வெளியில் விடுவது காவலாகாது. எவன் விற்கிறான், எங்கிருந்து வருகிறது, எந்தப் பாதையால் வருகிறது என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். அதை அவர்கள் அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய நிலையமே நமக்கு வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது ஆயுதமுமன்று, வெறும் ஆட்தொகையுமன்று. ஒவ்வொரு நிலையத்திலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய ஒருவராவது கடமையில் இருத்தல் வேண்டும். பெண்கள், சிறுவர் பணியகத்தில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதை அடிபட்ட பெண்ணுக்கு அவளுடைய மொழியிற் சொல்ல ஒருவரில்லையேல், அச்சட்டம் இருந்தென்ன பயன்? தொலைவிலுள்ள தோட்டங்களுக்கு வாரத்தில் ஒரு நாளேனும் உத்தியோகத்தர் வந்து அமர்ந்து முறைப்பாடுகளைக் கேட்கும் ஒழுங்கும் வேண்டும்.

“தகுதியுள்ள தமிழ் இளைஞர் விண்ணப்பிப்பதில்லையே” என்று அதிகாரிகள் கூறலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்ப அறிவித்தல் தோட்டப் பாடசாலைக்குத் தமிழில் வந்து சேர்கிறதா? பயிற்சி அவர்களுடைய மொழியிற் கிடைக்குமா? பயிற்சி முடிந்தபின் அவர்கள் சொந்த மாவட்டத்திற் பணியாற்ற முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே இளைஞர்மீது பழி சுமத்தல் முறையாகும். தமிழ் தெரிந்தவர் எல்லாரும் நேர்மையானவர் என்றும் நாம் வாதிடவில்லை. இலஞ்சத்துக்கு மொழி கிடையாது. எனினும் சொல்வது விளங்காத இடத்தில் நேர்மையானவராலும் நீதி செய்தல் அரிது.

நம்முடைய கடமையையும் நாம் மறைத்தலாகாது. கசிப்புக்காரனைத் தன் சங்கத்து ஆள் என்பதற்காக நிலையத்திலிருந்து மீட்டுவரும் தோட்டத் தலைவர் எவராயினும், அவர் தம் மக்களுக்கே துரோகம் செய்பவர். பெண் அடிபட்ட வழக்கைச் சமாதானம் என்ற பெயரில் லயத்துக்குள்ளேயே மூடிமறைக்கும் பெரியவர்களும் அப்படியே. பிரஜா பொலிஸ் குழுக்களிலே ஆசிரியரும் இளைஞரும் தாய்மாரும் இடம்பெற வேண்டும். கடைத்தெருப் பிரமுகர்களின் கூட்டமாக மாத்திரம் அவை அமைதல் கூடாது. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் மாதத்தில் ஓரிரு நாளேனும் தோட்டத்துக்குச் சென்று முறைப்பாடு எழுத உதவுவராயின், அதனினும் சிறந்த சமூகப்பணி இல்லை.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நம் மக்களின் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது. வாக்குச் சீட்டிலே குடிமகளாகிய அந்தப் பெண், காவல் நிலையத்தின் மேசை முன்னும் குடிமகளாக நிற்கும் நாள் எந்நாள்? அமைச்சும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும், நாம் வாக்களித்து அனுப்பிய மலையக உறுப்பினரும் விடை கூறட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் எழுத வல்லவர் எத்தனை பேர் என்ற கணக்கைப் பாராளுமன்றத்திற் கேட்டுப் பெறுவது அவ்வுறுப்பினரின் முதல் வேலையாக இருக்கட்டும்.