மைண்ட்ஃபுல்னெஸ்: நைட் ஷிஃப்ட்காரருக்கு இதெல்லாம் எதுக்கு?

நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுக்கிறார் ஒருவர். உடம்பெல்லாம் அசதி. தூக்கம் மட்டும் வரவில்லை. ராத்திரி சூப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கை தானாகப் போனை எடுக்கிறது. ரீல்ஸில் யாரோ மெழுகுவத்தி ஏற்றி, யோகா மேட் விரித்து, ‘இந்த நொடியில் இருங்கள்’ என்கிறார். ‘அட போங்கப்பா’ என்று தள்ளிவிடத்தான் தோன்றும்.

அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால், மைண்ட்ஃபுல்னெஸ் வசதியானவர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் இதை ஆரம்பித்தபோது வந்தவர்கள், மருத்துவத்தில் போதிய பலன் கிடைக்காமல் தீராத வலியோடு அலைந்த நோயாளிகள். பௌத்தத் தியான முறையை, மதச் சாயல் இல்லாமல் எட்டு வாரப் பயிற்சியாக்கித் தந்தார் அவர்.

தமிழில் இதற்குச் சரியான பெயர் இன்னும் அமையவில்லை. ‘நினைவாற்றல்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அதைப் படிப்பவர் வல்லாரைக் கீரை வாங்கப் போய்விடுவார்! (மூலமான பாலிச் சொல் ‘சதி’க்கு நினைவு என்றும் பொருள் உண்டு என்பதால் முழுத் தப்பும் இல்லை.) எளிமையாகச் சொன்னால், செய்யும் வேலையையும் மனசுக்குள் ஓடுவதையும் கவனிப்பது. கவனித்ததும் சரி, தப்பு என்று தீர்ப்பு சொல்லாமல் இருப்பது.

ஹார்வர்டின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் ஐபோன் வழியே அவ்வப்போது கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு எங்கே இருக்கிறது? 2010இல் வெளியான முடிவின்படி, கிட்டத்தட்ட 47% நேரம் மனசு வேறெங்கோ. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவு.

நெய்வேலிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் கடும் அழுத்தத்தோடு நிற்கிறது. ராப்பகலாக பம்ப் வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு வரும். கோபத்தையும் மூடி வைத்து ஜெயிக்க முடியாது. ‘எனக்கு இப்போ கோபம் வருது’ என்று பெயர் சொல்வதே ஒரு பம்ப் மாதிரிதான். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையின் அமிக்டலா பகுதியின் வேகம் தணிவதை, மேத்யூ லீபர்மேன் குழுவின் 2007 ஆய்வு காட்டியது.

இதற்குத் தனி நேரம் வேண்டாம். ஹெல்மெட் பட்டையை மாட்டும்போது நாலு மூச்சு, வெளியே விடுவதை மட்டும் நிதானமாக. டீ குடித்து முடிக்கும்வரை போன் பாக்கெட்டில். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ‘யார் மேல இருக்கிற கோபத்தோட உள்ளே போறோம்?’ என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் மேல் விழவிருந்த ஒரு கத்தல் அங்கேயே நின்றுவிடலாம்.

ஆனால், ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். 2020இல் மே, ஜூலை என இரண்டு முறை நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பயத்துக்கான பதில் பாதுகாப்பு ஏற்பாடு, மூச்சுப் பயிற்சி இல்லை. பணி நிரந்தரம் கேட்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கவலையும் வெறும் மனப்பிரமை இல்லை. ‘டென்ஷனா? தியானம் பண்ணுங்க’ என்று கைகழுவுவது எந்த நிர்வாகத்துக்கும் வசதி, சென்னை ஐடி கம்பெனிகள் உட்பட. கவனம் உண்மையில் உதவுவது வேறு இடத்தில்: தூக்கம் கெட்டதால் பெரிதாகத் தெரியும் கவலை எது, சங்கத்தில் போய்ப் பேச வேண்டிய குறை எது என்று பிரித்துப் பார்க்க.

எல்லாருக்கும் இது பலிக்கும் என்றும் இல்லை. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பில் சொல்லித்தந்த மைண்ட்ஃபுல்னெஸ், வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. கட்டாயப் பாடம் என்றால் அப்படித்தான்.

விபத்தை நேரில் பார்த்தவர்களுக்குக் கண்ணை மூடினால் அதே காட்சி வரலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடி காலடித் தரையைக் கவனித்தால் போதும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், ராத்திரி 2 மணிக்கும் அழைக்கலாம்.