புகையைக் கேட்கிறோம், குழாயைக் கேட்கிறோமா?

மழைக்காலம் பிறந்துவிட்டால் காட்கோபரில் நம் மக்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான்: "கொசு மருந்து அடிக்க ஆள் வரவில்லை!" காமராஜ் நகரானாலும் அசல்பா குன்றுச் சரிவானாலும் இதே குரல். மனு எழுதுகிறோம், கையெழுத்துத் திரட்டுகிறோம். ஒரு மாலை இயந்திரம் உறுமிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறது. வெண்புகை எழுகிறது. பிள்ளைகள் கூச்சலிட்டுப் புகைக்குள் ஓடுகிறார்கள். பெற்றவர்கள் வாசலில் நின்று சிரிக்கிறார்கள். ஏற்பாடு செய்த பிரமுகருக்கு மறுநாள் நன்றித் தட்டி கட்டப்படுகிறது.

இதே நாட்டில்தான் 2003 ஆகஸ்டில் குளிர்பானப் பாட்டிலைக் கண்டு எல்லோரும் நடுங்கினார்கள். டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பன்னிரண்டு குளிர்பானங்களைச் சோதித்து, பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறது என்று அறிவித்தது. நாடாளுமன்ற உணவகத்தில் அந்தப் பானங்கள் நிறுத்தப்பட்டன. பல ஊர்களில் பாட்டில்கள் உடைபட்டன. சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைந்து, 2004 பிப்ரவரியில் மையத்தின் முடிவு சரியே என்றது. அந்தக் கோபம் தவறென்று நாம் சொல்லவில்லை. குடிக்கும் பானத்தில் நஞ்சு எதற்கு?

ஆனால் 2017ஐ எண்ணிப் பாருங்கள். நம் மராட்டிய மாநிலத்திலேயே, யவத்மால் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கு நடுவே, முகமூடியும் கையுறையும் இன்றி, பல நஞ்சுகளைக் கலந்து தெளித்த ஏழைகள் அவர்கள். அதற்காக மும்பையில் எந்தப் பாட்டில் உடைந்தது? எந்தக் கடை அடைக்கப்பட்டது? பானத்தில் இருந்தது லிட்டருக்கு மில்லிகிராமில் ஒரு சிறு பின்னம். யவத்மால் கூலியாளின் முதுகில் இருந்தது தெளிப்பான் நிறைய நஞ்சு. அளவைப் பார்த்து நாம் அஞ்சுவதில்லை. யார் உடம்பில் இறங்குகிறது என்பதைப் பார்த்தே அஞ்சுகிறோம்.

நம் மொழியும் இதற்குத் துணை போகிறது. பூச்சி மருந்து, எலி மருந்து, கொசு மருந்து என்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்தில் "மருந்தைக் குடித்துவிட்டான்" என்றால் என்ன பொருள் என்பதை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் செய்தி ஊரிலிருந்து வந்த வீடுகள் நம்மிடையே உண்டு. ஆனாலும் அதையே இயந்திரத்தில் ஊற்றிப் புகையாக்கினால் மறுபடியும் அது மருந்தாகிவிடுகிறது!

வீட்டுக்குள்ளும் இதே கதை. பீடி பிடிக்கும் தாத்தாவைக் கைக்குழந்தை இருக்கிறதென்று வெளியே விரட்டுகிற வீட்டில், இரவெல்லாம் தொட்டிலடியில் கொசுவத்திச் சுருள் புகைகிறது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003லேயே ஓர் ஆய்வு வெளிவந்தது. கதவை அடைத்துப் படுக்கும் பத்துக்குப் பத்துக் கோலியில் அந்தப் புகை எங்கே போகும்?

கொசு ஒழிய வேண்டாமா என்று கேட்பார்கள். ஒழிய வேண்டும். 2010ல் இம்மாநகரில் மலேரியாவுக்கு நூறு பேருக்கு மேல் பலியானதை மறந்துவிடவில்லை. நோய் பரவிவிட்ட இடத்தில், நோய்க்கிருமி சுமந்து பறக்கும் கொசுவை உடனே வீழ்த்தப் புகை உதவும். ஆனால் அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடுவதில்லை. எட்டுப் பத்து நாளில் அடுத்த படை பறந்து வந்துவிடும். டெங்குவைப் பரப்பும் கொசுவோ பகலில் கடிப்பது. சாக்கடையை விட்டு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடியில்லாத டிரம் ஆகியவையே அதன் பிரசவ விடுதிகள். மும்பை மலேரியாக் கொசுவும் மேல்தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்வதுதான். கோவெல் என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1928லேயே இந்நகரத்து மலேரியாவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டார்.

நம் வாசலில் டிரம் ஏன் நிற்கிறது? அழகுக்கா வைத்திருக்கிறோம்? குழாயில் நாளுக்குச் சில மணி நேரமே தண்ணீர். மேட்டுச் சரிவில் அதுவும் நூலாக வடிகிறது. பிடித்து வைக்காவிட்டால் சோறு பொங்காது. பிடித்து வைத்தாலோ, கொசு வளர்த்த குற்றத்துக்கு நோட்டீஸ் வருகிறது! தண்ணீர் கேட்க வேண்டிய வாயில் புகையை ஊதிவிட்டுப் போகிறார்கள். நாமும் இருமிக்கொண்டே கைதட்டுகிறோம். புகை கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், செலவும் குறைவு. மண்ணுக்குள் புதையும் குழாய் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

இன்னொருவரையும் நாம் பார்ப்பதில்லை. அந்த இயந்திரத்தைத் தோளில் சுமந்து வருபவர். நமக்கு ஐந்து நிமிடப் புகை. அவருக்குச் சந்து சந்தாக, மழைக்காலம் முழுவதும். பெரும்பாலும் டீசலில் கலந்த பூச்சிக்கொல்லி அது. முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், ஏனய்யா முகமூடி இல்லை என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? நம் பிள்ளைகள் சிலரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த மழைக்காலத்தில் சங்கத்தின் மனுவில் புகை கேட்கப்படவில்லை. தண்ணீர் விடும் நேரத்தைக் கூட்ட வேண்டும், மேட்டுக்கு அழுத்தம் வேண்டும், பொதுத் தொட்டிகளுக்கு மூடி வேண்டும், மருந்தடிக்கும் தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் வேண்டும். மனுவைச் சங்கப் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். கையெழுத்திட வரும் தோழர்கள், வீட்டு டிரம்மை மூடிவிட்டு வாருங்கள்.