அருவியாற்றில் வீணாகும் சக்தி

மன்னாரின் காற்றை அளந்து கணக்கிட்டவர்கள் 2020 டிசெம்பரில் அத்தீவில் 30 காற்றாலைகளைத் திறந்துவைத்தனர். அவற்றின் கொள்ளளவு 103.5 மெகாவாட். இன்னும் காற்றாலைகள் வேண்டாமென்று மன்னார் மக்கள் 2025இல் வீதிக்கு வந்தனர். மின்சக்திக்காக ஒரு தீவின் காற்றை இவ்வளவு நுட்பமாக எண்ணும் அரசாங்கம், அத்தீவுக்கு எதிரேயுள்ள கரையில் கடலோடு கலக்கும் அருவியாற்றில் சேரும் கழிவுநீரை என்றேனும் எண்ணியதுண்டா?

சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றழைக்கும் 164 கிலோமீற்றர் நீளமான இவ்வாறு, அநுராதபுர நகரின் கழிவுகளையும் சுமந்துகொண்டே தேக்கம் அணைக்கட்டை அடைகிறது. அங்கிருந்து திருப்பப்படும் நீர்தான் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி மன்னார்ப் பெருநிலத்தின் வயல்களை விளைவிக்கிறது. மேலே நகரம் கழுவி விட்டது கீழே கமக்காரனின் வாய்க்காலில் வந்து நிற்கிறது.

கழிவுநீரில் வெப்பம் உண்டு. சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்ரொக்கோமில், சுத்திகரித்த கழிவுநீரின் வெப்பத்தை இயந்திரங்களால் ஈர்த்து 1986 முதல் வீடுகளுக்கு அளித்து வருகின்றனர். வெயிலில் வேகும் நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நெல்லை அவிக்கும் ஆலைக்கும், துணி வெளுக்கும் வைத்தியசாலைக்கும் வெந்நீர் வேண்டும். வெப்ப ஏற்றி என்னும் அவ்வியந்திரம் ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பத்தைத் தரவல்லது. ஆலை அருகில் இருந்தால் விறகும் எண்ணெயும் மிச்சம். வெப்பம் நீங்கிக் குளிர்ந்த நீரில் பிராணவாயு கூடுதலாகக் கரையும். ஆற்று மீனுக்கு அது வாழ்வு.

எனினும் நமது நாட்டில் பெரிய வரவு வெப்பமன்று, வாயுவே. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் ஆகிய இடங்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுச் சேற்றிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்துள்ளன. அத்தகைய எஞ்சின் வெளிவிடும் சூட்டைக் கொண்டே சேற்றுத் தொட்டியை வெதுவெதுப்பாக வைத்திருக்கவும் இயலும். இதனால் ஒரு தேசத்தின் மின்தேவை தீர்ந்துவிடாது. ஆயின் சுத்திகரிப்பின் செலவில் ஒரு பகுதி மீளும். செலவைக் காட்டித்தானே எங்கும் சுத்திகரிப்பு ஒத்திவைக்கப்படுகிறது!

ஆகவே, அருவியாற்றங்கரை நகரங்களில் இனி அமைக்கப்படும் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் வாயுவையும் வெப்பத்தையும் மீட்கும் ஏற்பாட்டுடனேயே அமைய வேண்டுமெனத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைக் கோருகின்றோம். அத்திட்டம் வரையப்படும் மேசையில் கட்டுக்கரைக் குளத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கும் ஆசனம் ஒதுக்கப்படல் வேண்டும்.