களத்தில் ஏமாற்றுவது கள்ளமா?

போன கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தடியில் என் மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து வீடியோ ஒன்றைக் காட்டினான். "சேர், இது கள்ள விளையாட்டுத்தானே?" என்றான். "பார்த்தா அப்பிடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து பார்த்ததில் நான் சொன்னது பிழை என்று விளங்கியது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

றக்பியில் பந்து இல்லாதவரைத் தடுத்தால் தண்டனை. அமெரிக்கக் கால்பந்தில் அப்படித் தடுத்து வழி திறப்பதே முன்வரிசை ஐவரின் வேலை. 'இன்சைட் ஸோன்' ஓட்டத்தில் அந்த ஐவரும் ஒரே பக்கமாக, வலப்பக்கம் என்று வைப்போம், ஒன்றாகக் காலெடுத்து வைப்பார்கள். எதிரணி லைன்பேக்கர்கள் அந்தக் காலடியைப் பார்த்துத்தான் பந்து போகும் திசையை ஊகிப்பார்கள்.

இடப்பக்க ஓரத்தில் நிற்கும் எதிரணி வீரரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். 'என்னைத் தடுக்க ஆளில்லை' என்று அவர் உள்ளே பாய்வார். அப்போது வலப்பக்கமிருந்து டைட் எண்ட் எதிர்த்திசையில் ஓடிவந்து அவரை மோதி வெளியே தள்ளுவார். இதற்கு 'ஸ்ப்ளிட் ஸோன்' என்று பெயர். அடுத்த முறை அதே ஆள் அதே மாதிரி வருவார். மோதலை எதிர்பார்த்து இவர் உள்ளே நெருங்க, அவர் மோதாமல் தாண்டிப்போய் லைன்பேக்கரைத் தடுப்பார். குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியால் ஓடிவிடுவார்.

ஏமாற்றுத்தான், ஆனால் கள்ளம் இல்லை. முரளியின் தூஸ்ராவை நாம் கள்ளம் என்றா சொன்னோம்? எதிராளியின் கண்ணுக்கு முன்னால் எல்லாம் நடக்கிறது. கவனிக்கப் பழகியவர் அடுத்த முறை பிடித்துவிடுவார்.

அந்த விளையாட்டின் சட்டமே எல்லையை அழகாகப் போட்டிருக்கிறது. பந்து நகர்ந்த பிறகு எந்தப் பக்கமும் போக்குக் காட்டலாம். பந்து நகர முன் எதிரணியை இழுப்பதற்காக முன்வரிசை வீரர் உடம்பைச் சட்டென்று அசைத்தால் 5 யார் தண்டனை. ஒருவர் மேலே பிடித்திருக்கும்போது இன்னொருவர் அதே ஆளின் தொடைக்கோ அதற்குக் கீழேயோ பாய்வது 'சொப் ப்ளொக்'. முன்பு ஓட்டங்களில் சில சந்தர்ப்பங்களில் அதை விட்டுவைத்திருந்தார்கள். முழங்கால் போனால் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையே போய்விடும் என்பதால் 2016இல் என்.எஃப்.எல். அதை முற்றாகத் தடைசெய்தது.

என் கருத்து இதுதான். எதிராளியை யோசிக்க வைக்கிற ஏமாற்று, திறமை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் அவனை அடிப்பது திறமை இல்லை, சட்டப் புத்தகத்தில் இடமிருந்த காலத்திலும் அது திறமை இல்லை.

நம் மைதானங்களிலும் இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது குறைவு. ஒன்று, தந்திரம் செய்யும் பிள்ளையைக் 'கள்ளன்' என்கிறோம். இல்லையென்றால் காலை வாரிவிட்டு வென்ற பிள்ளைக்கும் கைதட்டுகிறோம். இரண்டும் பிழை.

நாளைக்கு அந்த மாணவனைக் கூப்பிட்டு, "சேர் சொன்னது பிழை மகன்" என்று சொல்லப் போகிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள்.